பெயிண்ட் அடிக்கும் முன் சுவரைக் கேள்!

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் செயற்கைக்கோள் என்றான், இன்னொருவன் நட்பைப் பற்றிக் கவிதை என்றான். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் பெயிண்ட் அடிப்பது! என் அப்பா இருபத்தைந்து வருடமாகப் பெயிண்டர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆனால் லீவு நாட்களில் அப்பாவோடு போய்ப் போய், டிராப்டர் பிடிப்பதற்கு முன்பே உப்புத்தாள் பிடிக்கக் கற்றுக்கொண்டவன்.

"இதுல என்னடா இருக்கு? டப்பாவைத் தொறந்து பிரஷை முக்கி அடிக்க வேண்டியதுதானே?" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். அவனுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பத்து நாள் வேலை என்று அப்பா ஒரு வீட்டை ஒப்புக்கொண்டால் பெயிண்ட் டப்பாவைத் திறப்பது ஏழாம் நாளோ எட்டாம் நாளோதான். அதுவரை எல்லாம் சுவர் வைத்தியம். முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார். "டொக் டொக்" என்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. "பொத் பொத்" என்றால் உள்ளே பூச்சு செங்கல்லை விட்டு விலகிவிட்டது என்று பொருள். அந்த இடத்தை உடைத்துப் பூசாமல் மேலே எதை அடித்தாலும் வீண். அடுத்து உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பார்ப்பார். கையில் மாவு மாதிரி ஒட்டினால் பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ பிடிப்பை இழந்துவிட்டது. அதைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். புதுப் பெயிண்ட் சுவரைப் பிடிப்பதில்லை, தனக்கு அடியில் இருக்கும் மாவைத்தான் பிடிக்கிறது. மாவு உதிர்ந்தால் கூடவே அதுவும் உதிரும்.

பிறகு பட்டி பார்ப்பது. இதில்தான் கைப்பழக்கம் தெரியும். பள்ளம் பெரிதாக இருக்கிறதே என்று ஒரே தடவையில் அப்பி வைத்தால் காயும்போது வெடிக்கும். மெல்லிசாக ஒரு கை, அது காய்ந்த பிறகு குறுக்கே மெல்லிசாக இன்னொரு கை. அதன்பின் உப்புத்தாள். சுவர் சமமாகிவிட்டதா என்று பார்க்க அப்பா ஒரு வேலை செய்வார் பாருங்கள்! ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, ஒயரில் தொங்கும் பல்பைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பார். நேர் வெளிச்சத்தில் கண்ணாடி போல் இருந்த சுவரில் மேடும் பள்ளமும் நிழல் விழுந்து காட்டிக் கொடுக்கும். அங்கே பென்சிலால் வட்டம் போடுவார். அந்த வட்டங்களைத் தேய்ப்பதுதான் என் உத்தியோகம்.

இவ்வளவும் தெரிந்த அப்பாவே ஒரு வீட்டில் தோற்றார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2024 ஜனவரி. புது வீடு. தை மாதம் கிரகப்பிரவேசம். உள்பூச்சு முடிந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதில் ஏழு நாள் தண்ணீர் விட்டு நனைத்திருந்தார்கள். அப்பா சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், சுவர் இன்னும் பச்சையா இருக்கு. ஒரு மாசம் போகட்டும். இப்போதைக்கு ஒரு வெள்ளை மட்டும் அடிச்சுப் பால் காய்ச்சிடுங்க" என்றார். வீட்டுக்காரர், "மேலுக்கு நல்லாத்தானே காய்ஞ்சிருக்கு? முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆள் இருக்காங்க" என்றார். அப்பா ஒத்துக்கொண்டார். கடையில் பெயிண்டைக் கடனுக்கு எடுத்திருந்தார், வேறு வழியில்லை. ஹாலில் கீழ்ப்பக்கம் நாலடி உயரத்துக்கு, அழுக்குப் பட்டால் துடைக்க வசதியாக, எண்ணெய் எனாமல். அதற்கு மேலே எமல்ஷன்.

கிரகப்பிரவேசத்தன்று எல்லோரும் புகழ்ந்தார்கள். பங்குனியில் எனாமல் ஒரு பக்கம் பிசுபிசுத்தது, இன்னொரு பக்கம் அப்பளம் மாதிரி கொப்புளித்தது. மேலே எமல்ஷனில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. "மட்டமான பெயிண்ட்டை அடிச்சு ஏமாத்திட்டான்" என்று பேச்சாகி, மீதிக் கூலி பதினெட்டாயிரம் ரூபாய் வரவே இல்லை. கடைக் கடன் மட்டும் நின்றது. என் ஐந்தாம் பருவக் கட்டணத்துக்காக அந்தக் கோடை விடுமுறை முழுக்க நானும் சாரம் ஏறினேன்.

அந்தச் சுவரில் நடந்தது என்ன? விடை நம் முதலாண்டு வேதியியல் நோட்டிலேயே இருக்கிறது நண்பர்களே! சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு வெளிப்படுகிறது. அதனால் பச்சைப் பூச்சின் பி.எச். அளவு 12, 13 வரை போகும், அதாவது கடுமையான காரம். எனாமலில் இருப்பதோ எண்ணெய்ச் சத்து. எண்ணெயும் காரமும் ஈரத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும்? ஆய்வகத்தில் நாமே செய்து பார்த்தோமே, சோப்பு! அந்த ஹால் சுவரில் எங்கள் அப்பா தன்னையறியாமல் சோப்பு காய்ச்சியிருக்கிறார். பிசுபிசுப்பு அதுதான்.

கொப்புளத்துக்குக் காரணம் வேறு. சுவருக்குள் சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்க்கிறது, எனாமல் படலம் கதவைச் சாத்திவிடுகிறது. ஆவி தள்ளுகிற தள்ளில் படலம் தூக்கிக்கொள்கிறது. எமல்ஷன் கொஞ்சம் மூச்சு விடும், ஆகவே தப்பித்தது. ஆனால் அந்த வழியே வெளியேறிய தண்ணீர், மணலிலும் செங்கல்லிலும் இருந்த உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து மேற்பரப்பில் விட்டுவிட்டுத் தான் மட்டும் ஆவியாகிப் போனது. எங்கள் பக்கம் கடலோரம், போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் குழைத்த பூச்சு வேறெப்படி இருக்கும்? இப்படிப் பூத்த உப்பை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைக்க வேண்டும். பாத்ரூம் குழாய் கசிவை விட்டுவிட்டு ஹால் சுவருக்குப் பட்டி பார்ப்பவர்கள் நிறைய!

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். நம் ஊரில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். ஐப்பசி, கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழை. மழையில் ஊறி நிற்கும் சுவரில்தான் நாம் வருஷா வருஷம் கை வைக்கிறோம்! பாட்டி காலத்தில் இது தப்பாக இல்லை. அன்று அடித்தது சுண்ணாம்பு. அதுவே காரம், காரத்துக்கு அது பயப்படாது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிச் சுண்ணாம்புக்கல்லாக மாறிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், ஈரத்தையும் வெளியே விடும். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, காயும் முன் கீழிருந்து மேலே ஒரு இழுப்பு, பிறகு குறுக்கே இரண்டு. புதுச் சுவருக்கு மூன்று தடவை. அவ்வளவுதான். நாம் சுண்ணாம்பை விட்டுவிட்டு எனாமலுக்கு வந்துவிட்டோம், காலண்டரை மட்டும் மாற்றவில்லை.

சரி, சுவர் காய்ந்தது, பிரைமரும் அடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனி டப்பாவைத் திறக்கலாம். ஒரே நிறத்தில் இரண்டு டப்பா இருந்தால் இரண்டையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கொட்டி அடி வரை கலக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் டப்பா முடிந்த இடம் சுவரில் கோடாகத் தெரியும். முதலில் மேல்தளம், பிறகு சுவர், கடைசியில் கதவு ஜன்னல். மேலே அடிப்பது கீழே சொட்டும் என்பதுதான் காரணம், வேறு சாஸ்திரம் இல்லை. பிரஷை முழுக்க முக்குவது கற்றுக்குட்டி வேலை. மயிரில் மூன்றில் ஒரு பங்கு நனைந்தால் போதும், வாளியின் உள்பக்கம் லேசாகத் தட்டிவிட்டு எடுக்கலாம். மூலைகளையும் ஓரங்களையும் சின்ன பிரஷால் முதலில் கட்டிங் போட்டுக்கொண்டு, அது காய்வதற்குள் ரோலரைக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும்.

அப்பாவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலைக்கு மூலை முடிக்காமல் டீ குடிக்கப் போகக்கூடாது! சின்ன வயதில் இது கொடுமையாகத் தெரிந்தது. பாதியில் விட்ட ஓரம் காய்ந்துவிட்டால், திரும்பி வந்து அடிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் இரண்டு படலம் ஏறிப் பட்டையாகத் தெரியும். ஈர ஓரத்திலிருந்துதான் அடுத்த இழுப்பைத் தொடர வேண்டும். மின்விசிறியை நிறுத்தச் சொல்வதும் இதற்காகத்தான். கதவுக்கு எனாமல் அடிக்கும்போது மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில்தான் ஈரம் புகுந்து மழைக்காலத்தில் கதவு பிடிக்கிறது.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பட்டி தேய்க்கும்போது ஒரு மணி நேரத்தில் தலை நரைத்துவிடும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்றே அப்பா பல வருடம் இருந்துவிட்டார். அவருடைய இருமல் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த இருமல். துண்டு நுண்தூசியைத் தடுக்காது, தூசிக்கென்றே உள்ள முகமூடி வேண்டும். பழைய கதவு ஜன்னல்களில் ஆபத்து இன்னும் அதிகம். முன்பெல்லாம் எனாமலில் ஈயம் தாராளமாகச் சேர்த்தார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது, 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவை வெறும் உப்புத்தாளால் தேய்த்தால் அந்த ஈயம் தூசியாகப் பறக்கும். தேய்ப்பவரைவிடத் தரையில் தவழும் குழந்தைக்குத்தான் அது அதிகக் கேடு. வாட்டர் பேப்பரை நனைத்து ஈரமாகத் தேய்த்து, தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

சிமெண்ட் பூச்சுச் சுவருக்கு வண்ணம் பூசுவதற்கென்றே ஐ.எஸ். 2395 என்று ஒரு விதித்தொகுப்பு இருப்பது எனக்கு இங்கே படிக்க வந்த பிறகுதான் தெரியும். எஸ்டிமேட் வகுப்பில், "சுரண்டித் தேய்த்துத் தயார் செய்வது உட்பட" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுச் சதுர மீட்டர் கணக்குக்குப் போய்விடுகிறோம். அந்த "உட்பட" என்ற வார்த்தைக்குள் எங்கள் அப்பாவின் ஏழு நாள் இருக்கிறது! நாளைக்கு நம்மில் பலர் சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். பூச்சு முடிந்த தேதியும் பெயிண்ட் ஆரம்பிக்கும் தேதியும் நம் கையால்தான் எழுதப்படும்.

2024 தீபாவளிக்கு முன்னால், அக்டோபரில், அப்பாவுக்கு இன்னொரு புது வீடு வந்தது. அதே அவசரம், அதே "நல்லாத்தானே காய்ஞ்சிருக்கு". இந்த முறை நானும் போனேன். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலிதீன் தாளை வெட்டிச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினேன். 16 மணி நேரம் விட வேண்டும் என்று படித்திருந்தேன். சாயங்காலம் ஒட்டியதை மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்காரர் முன்னாலேயே பார்த்தோம். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளி! அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப கார்த்திகை கழிச்சே ஆரம்பிங்க பெயிண்டரே" என்றார்.

அப்பா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பார்த்தேன், அவருடைய பிரஷ் பையில் நாலாக மடித்த பாலிதீன் தாளும் ஒரு டேப் ரோலும் இருந்தன.