சிப் போட்டா நாய் தொலையாதா?

2025 கடைசியில வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸும் மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லன்னா 5,000 ரூபாய் அபராதம்னு சென்னை மாநகராட்சி சொன்னப்போ, அம்மா என்கிட்ட கேட்ட முதல் கேள்வி: "அப்போ நாய் எங்க ஓடினாலும் போன்ல தெரியுமாடா?" தெரியாது. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளையாச்சே, ஒழுங்கா விளக்கத்தான் வேணும்.

அந்த சிப் ஒரு அரிசி மணி அளவுதான். கண்ணாடிக் குழாய்க்குள்ள ஒரு காயில், ஒரு குட்டி ஐசி. பேட்டரியே கிடையாது, அப்புறம் எங்கேருந்து ஜிபிஎஸ்? ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, தோலுக்கு அடியில ஊசி மூலமா ஏத்திடுவாங்க. ஸ்கேனரை ரொம்பப் பக்கத்துல கொண்டு போனா, அதோட காந்தப்புலம் காயில்ல மின்சாரத்தைத் தூண்டும். (ஃபாரடே விதி. பரீட்சைக்கு மட்டும்னு நினைச்சோமே, அதே விதிதான்.) அந்தக் கொஞ்சம் பவர்ல ஐசி முழிச்சுக்கிட்டு 15 இலக்க எண் ஒண்ணைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். மெட்ரோ கார்டு, ஃபாஸ்டேக் எல்லாம் இதே வகைதான், அலைவரிசைதான் வேற, நாய்க்கு 134.2 கிலோஹெர்ட்ஸ். உங்க பேரும் போன் நம்பரும் சிப்புல இல்ல, பதிவேட்டுல இருக்கு. நம்பர் மாத்திட்டுப் பதிவேட்டுல சொல்லலன்னா சிப் இருந்தும் பிரயோஜனமில்ல.

அப்போ இது எதுக்கு? நாயைக் கண்டுபிடிக்கிறதைவிட ஆளைக் கண்டுபிடிக்கத்தான் இது அதிகம் உதவும். வீடு மாறுறப்போ, புது ஹவுஸ் ஓனர் நாய் கூடாதுன்னு சொல்றப்போ, நாய்க்கு வயசாகி வைத்தியச் செலவு ஏறுறப்போ, ராத்திரியோட ராத்திரியா வேற ஏரியாவுல இறக்கி விட்டுட்டு வர்றவங்க இருக்காங்க. பட்டினி கிடக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுறது குற்றம்னு 1960-லேயே சட்டம் வந்தாச்சு. அதுக்கு வழி போட்டவர் நமக்குப் பக்கத்து அடையாறுக்காரர், கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். 1952-ல ராஜ்யசபாவுக்கு நியமிக்கப்பட்டு, தனிநபர் மசோதாவா இதைக் கொண்டுவந்தார். பிறகு அரசே சட்டமாக்கியது. ஆனா முதல் தடவை மாட்டினா அபராதம் 10 ரூபாய்லேருந்து 50 ரூபாய் வரைக்கும்தான். அந்தத் தொகை இன்னிக்கும் மாறல. லைசென்ஸ் எடுக்காம வளர்த்தா 5,000, நடுரோட்டுல விட்டுட்டு வந்தா 50! அதுவும் சிப் இல்லாத காலத்துல யார் நாய்னு நிரூபிக்கவே முடியாது.

ஒரே வீட்டு நாய்க்கு இது சரி. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு பக்கம் வந்து பாருங்க. எங்க பிளாக்ல ஒரு நாய்க்கு மூணு பேர். கீழ்வீட்டு ஆயாவுக்குக் கருப்பன், முதல் மாடிக்கு மணி, பசங்களுக்கு ராக்கி. காலையில ஒரு வீட்டு பிஸ்கட், மத்தியானம் இன்னொரு வீட்டு மீன் சோறு. ஆயா ரேஷன் கடைக்குப் போனா கூடவே போய், திரும்பவும் கூடவே வரும். அது யார் வீட்டு நாய்? லைசென்ஸ் எடுக்கணும்னா ஒரு உரிமையாளர் பேர் வேணும். கேட்டா எல்லாரும் பக்கத்து வீட்டைக் காட்டுவாங்க.

2023 விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள்ல இதுக்கு இடம் இருக்கு. யாரும் உரிமை கொண்டாடாத இந்த மாதிரி நாயைச் சமுதாய விலங்குன்னு சொல்றாங்க. பிடிச்சு, கருத்தடை பண்ணி, வெறிநோய் ஊசி போட்டு, பிடிச்ச இடத்துலயே விடணும். காதுல சின்னதா வெட்டு இருந்தா ஆபரேஷன் ஆயிடுச்சுன்னு அடையாளம். இந்த முறைக்கு ஆரம்பம் சென்னைதான். 1964-லேயே புளூ கிராஸ் தொடங்கியது, 1996-லதான் மாநகராட்சி ஏத்துக்கிட்டது. 2024 கணக்குப்படி நகரத்துல ஏறக்குறைய 1.8 லட்சம் தெருநாய்கள்.

கருத்தடை வாழ்நாள்ல ஒரு தடவை. ஊசி அப்படி இல்ல, வருஷா வருஷம் போடணும். வீட்டு நாய்க்கு லைசென்ஸுக்காகவாவது யாராவது ஞாபகம் வெச்சுப்பாங்க. மூணு வீட்டு நாய்க்கு? 'அவங்க போட்டிருப்பாங்க'ன்னு மூணு வீடும் நினைக்கும். வெறிநோய்க் கிருமி கடிபட்ட இடத்துலேருந்து நரம்பு வழியா மெதுவா மூளைக்குப் போகும். அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாரும் பிழைக்கிறதில்ல. அதனால பல் பட்டதும் சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவிட்டு, அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். செல்ல நாயா இருக்கிறதுதான் இதுல சிக்கல். விளையாடும்போது பல் பட்டா பசங்க வீட்டுல சொல்ல மாட்டாங்க. சொன்னா ராக்கியைத் துரத்திடுவாங்கன்னு பயம்.

இப்போ எங்க பிளாக்ல ஈபி மீட்டர் பெட்டி மேல மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கோம்: ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி, இந்தத் தடவை கூட்டிட்டுப் போற வீட்டு நம்பர். பேர் எழுதுற இடத்துல மூணு பேரும் இருக்கு.