கருமை யாவும் ஒன்றல்ல

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களின் புகைக்கூடங்களைப் பழைய தலைமுறையினர் நன்கறிவர். உறையவைத்து உருளையில் அழுத்திய பால் தகடுகள், அங்கே விறகுப் புகையில் 40 முதல் 60 பாகை செல்சியசு வெப்பத்தில் சில நாள் உலர்ந்தன. அவ்வளவு வெப்பத்தைக் கதிரவன் தரலாகாதா? தரலாம். ஆயின் வெப்பத்தை வாங்குவது எளிது. வாங்கியதைக் காப்பதே அரிது.

கறுப்பு வண்ணம் பூசிய தகடு, தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஏற்கும். சூடேறியதும் அகச்சிவப்புக் கதிராக அவ்வெப்பத்தைத் தாராளமாக வெளியே விட்டுவிடும். வெயிலின் ஆற்றல் பெரும்பாலும் குறுகிய அலைகளில் வருகின்றது. சூடான தகடு விடுவனவோ நீண்ட அலைகள். இவ்வேறுபாடே வழி காட்டிற்று. பளபளப்பான உலோகத்தின்மீது மிக மெல்லிய கரும்படலம் படியவைத்தால், குறுகிய அலைகள் அதில் ஒடுங்கும். நீண்ட அலைகளுக்கோ அப்படலம் இல்லாததுபோலாகும்; பளபளக்கும் உலோகம் அவற்றை எளிதில் வெளிவிடாது. இத்தகைய தேர்ந்தேற்கும் பூச்சினை இசுரேல் அறிஞர் ஹாரி தாபோர் 1955இல் அமெரிக்க மாநாடொன்றில் விளக்கினார்.

படலத்தின் தடிப்பு மயிரிழையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. எனவே அதன் ஆயுள் பெருங்கவலைக்குரியது. நீரோ காற்றோ ஓடும்வரை தகட்டின் சூடு அடங்கியிருக்கும். ஓட்டம் நின்று வெயில் மட்டும் காயும் நாளில் சூடு 150 பாகையைக் கடக்கும். பூச்சு சிறந்ததாயின் 200ஐயும் எட்டக்கூடும். பூச்சின் சிறப்பே அதற்குச் சோதனையாகின்றது! கடுஞ்சூட்டில் உலோகம் காற்றின் உயிர்வளியோடு கூடித் துருவாக மாறும். படலம் தன் பண்பை இழக்கும். இரவில் கண்ணாடியின் உட்புறம் படியும் ஈரமும் அதனை அரிக்கும். கருநிக்கல் பூச்சு ஈரத்திற்கு எளிதில் தளரும். கருங்குரோமியம் 300 பாகையளவும் தாங்கும். ஆயின் அதனைப் படியவைக்கும் கரைசல் நஞ்சுடையது. அதனால் இன்று வெற்றிடத்தில் படியவைக்கும் படலங்கள் பெருகியுள்ளன.

பல்லாண்டுச் சிதைவை அறியப் பல்லாண்டு காத்திருத்தல் இயலாது. ஆகவே ஆய்வாளர் பூச்சினை மிகுசூட்டு அடுப்பிலும் ஈர அறையிலும் வைத்து, ஏற்குந்திறன் எவ்வளவு குறைந்தது, வெளிவிடுதல் எவ்வளவு கூடிற்று என அளந்து, அதன் ஆயுளைக் கணிக்கின்றனர்.

மழையும் புழுக்கமும் நிறைந்த நெகிரி செம்பிலானுக்கு அடுப்புச் சோதனை மட்டும் போதாது. ஈரச் சோதனையும் இன்றியமையாதது. அறுபது பாகையில் தகடு உலர்த்தச் சாதாரணக் கறுப்பு வண்ணமே போதுமானது. மிகுசூட்டு நீர் வேண்டுமிடத்தே தேர்ந்தேற்கும் பூச்சு தன் விலைக்கு ஈடு தரும். முதல்நாள் ஏற்கும் வெப்பத்தைக் கொண்டன்று, பத்தாம் ஆண்டிலும் காக்கும் வெப்பத்தைக் கொண்டே பூச்சினை மதித்தல் வேண்டும்.