வரைகலை அட்டைக்கு ஏற்ற மின்வழங்கியைத் தேர்ந்தெடுத்தல்

மின்வழங்கி என்பது வீட்டு மின் இணைப்பில் வரும் மாறுதிசை மின்னோட்டத்தை, கணினியின் உறுப்புகளுக்கு வேண்டிய தாழ் அழுத்த நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தரும் கருவியாகும். கடைகளில் இது எஸ்.எம்.பி.எஸ். என்றும் பவர் சப்ளை என்றும் கேட்டு வாங்கப்படுகிறது. மேசைக்கணினியில் புதிய வரைகலை அட்டையை, அதாவது கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தும்போது, பழைய மின்வழங்கி அதன் சுமையைத் தாங்குமா என்பதை முதலில் அறிய வேண்டும். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டுள்ள வாட் அளவை மட்டும் பார்த்து முடிவெடுப்பதே பலரும் செய்யும் பிழை. 12 வோல்ட் தடத்தில் எவ்வளவு திறன் கிடைக்கிறது, அட்டைக்கு ஏற்ற இணைப்பிகள் உள்ளனவா, பாதுகாப்புச் சுற்றுகள் உள்ளனவா என்னும் மூன்றும் அதைவிட முதன்மையானவை.

12 வோல்ட் தடத்தின் முதன்மை

கணினி மின்வழங்கி 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் ஆகிய மூன்று முதன்மை மின்னழுத்தங்களைத் தருகிறது. இவை ஒவ்வொன்றும் ஒரு தடம் எனப்படும். இன்டெல் நிறுவனம் 1995-இல் ஏ.டி.எக்ஸ். தரத்தை வெளியிட்ட காலத்தில், கணினியின் பெரும்பகுதி 5 வோல்ட், 3.3 வோல்ட் தடங்களிலிருந்தே மின்சாரம் பெற்றது. மையச் செயலியும் வரைகலை அட்டையும் மிகுந்த திறனை இழுக்கத் தொடங்கியபின் இந்நிலை மாறியது.

இதன் காரணம் பள்ளி இயற்பியலில் உள்ளது. திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிக் கிடைப்பது. 120 வாட் திறனை 5 வோல்ட்டில் அனுப்ப 24 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் அனுப்ப 10 ஆம்பியர் போதும். மின்னோட்டம் குறைந்தால் கம்பியும் இணைப்பியும் சூடாவதும் குறையும். ஆகவே இன்றைய செயலியும் வரைகலை அட்டையும் 12 வோல்ட்டைப் பெற்று, தம் அருகிலுள்ள சீராக்கிச் சுற்றுகளின் மூலம் ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைத்துப் பயன்படுத்துகின்றன. கணினியின் சுமையில் பெரும்பங்கு 12 வோல்ட் தடத்தின்மேல் விழுகிறது.

லேபிளைப் படிக்கும் முறை

ஒவ்வொரு மின்வழங்கியின் பக்கவாட்டிலும் தடவாரியாக ஆம்பியர் அளவைக் காட்டும் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். 450 வாட் என்று விற்கப்படும் ஒரு பழைய பாணி மின்வழங்கியின் அட்டவணை பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்.

- 3.3 வோல்ட், 22 ஆம்பியர்: 72.6 வாட்
- 5 வோல்ட், 30 ஆம்பியர்: 150 வாட்
- 12 வோல்ட், 18 ஆம்பியர்: 216 வாட்

சிறு தடங்களையும் சேர்த்துக் கூட்டினால் ஏறத்தாழ 450 வாட் வந்துவிடும். ஆனால் செயலிக்கும் வரைகலை அட்டைக்கும் பயன்படுவது 216 வாட் மட்டுமே. மீதித் திறனை 12 வோல்ட் தடத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது. இதற்கு மாறாக, நன்கு வடிவமைக்கப்பட்ட 550 வாட் மின்வழங்கியில் 12 வோல்ட் தடம் 45 ஆம்பியர், அதாவது 540 வாட் வரை தரக்கூடும். மொத்தத் திறனில் பெரும்பகுதி 12 வோல்ட்டில் கிடைப்பது நல்ல வடிவமைப்பின் அடையாளம்.

சில லேபிள்களில் 12 வோல்ட் தடம் இரண்டாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். அவற்றின் ஆம்பியர்களை அப்படியே கூட்டக்கூடாது. இரண்டும் சேர்ந்து எத்தனை வாட் தரும் என்று அதன் கீழே தனியாகக் குறித்திருப்பார்கள். அந்த எண்ணையே கணக்கில் எடுக்க வேண்டும்.

தேவையைக் கணக்கிடுதல்

இன்டெல் கோர் ஐ5-12400 செயலியும் என்விடியா ஜி.டி.எக்ஸ். 1650 அட்டையும் உள்ள ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். ஜி.டி.எக்ஸ். 1650-இன் திறன் அளவு 75 வாட். அதற்கு 300 வாட் மின்வழங்கி போதும் என்பது என்விடியாவின் பரிந்துரை. இந்த அட்டையை எடுத்துவிட்டு ஆர்.டி.எக்ஸ். 3060 பொருத்த வேண்டும். அதன் திறன் அளவு 170 வாட். பரிந்துரை 550 வாட். அட்டையின் தேவை 95 வாட் கூடும்போது பரிந்துரை ஏன் 250 வாட் கூடுகிறது என்ற ஐயம் மாணவர்களுக்கு எழலாம்.

முதலில் கூட்டிப் பார்ப்போம்.

- வரைகலை அட்டை: 170 வாட்
- செயலி உச்ச வேகத்தில்: 117 வாட்
- தாய்ப்பலகை, நினைவகம், வட்டுகள், விசிறிகள்: ஏறத்தாழ 60 வாட்
- மொத்தம்: 347 வாட்

செயலியின் பெட்டியில் காணப்படும் 65 வாட் என்பது அடிப்படை வேகத்துக்கு உரியது. கணக்கிடும்போது உச்ச அளவான 117 வாட்டையே எடுக்க வேண்டும்.

மொத்தத்தை ஒன்றரை மடங்காக்கினால் 520 வாட் வரும். சந்தையில் கிடைக்கும் அடுத்த அளவு 550 வாட். இந்த மின்வழங்கியில் முழுச்சுமை 63 விழுக்காடு அளவே இருக்கும். தரமான 450 வாட் மின்வழங்கியில் அதே சுமை 77 விழுக்காடாகும். அது பெரும்பாலும் தாங்கும் என்றாலும் இருப்பு குறைவு. மேலே கண்ட பழைய பாணி 450 வாட் மின்வழங்கியோ தாங்காது. அட்டைக்கும் செயலிக்கும் மட்டுமே 287 வாட் தேவை. அதன் 12 வோல்ட் தடத்தில் இருப்பது 216 வாட். ஒரே எண்ணைத் தாங்கிய இரு மின்வழங்கிகளில் ஒன்று பயன்படும், மற்றொன்று பயன்படாது.

அட்டை நிறுவனம் தன் பரிந்துரையை உயர்த்திச் சொல்வதற்கும் இதுவே காரணம். வாங்குபவரிடம் எந்தச் செயலி இருக்கிறது, எத்தகைய மின்வழங்கி இருக்கிறது என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. எனவே நடுத்தர மின்வழங்கியையும் மனத்தில் கொண்டு பாதுகாப்பான எண்ணைத் தருகிறது.

கணநேர உச்சங்கள்

அட்டையின் திறன் அளவு ஒரு சராசரியே. விளையாட்டில் காட்சி மாறும்போது, மிகச் சிறு நேரத்துக்கு அதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கப்படலாம். 2020-இல் 320 வாட் அளவுள்ள ஆர்.டி.எக்ஸ். 3080, 350 வாட் அளவுள்ள ஆர்.டி.எக்ஸ். 3090 ஆகியவை வெளிவந்தபின் இது பரவலாகப் பேசப்பட்டது. சராசரிக் கணக்கில் போதுமானதாகத் தோன்றிய மின்வழங்கிகளும் இத்தகைய உச்சத்தில் பாதுகாப்புச் சுற்று இயங்கி நின்றன.

2022-இல் வெளியான ஏ.டி.எக்ஸ். 3.0 தரம் இதற்கு விதி வகுத்தது. புதிய 16 பின் இணைப்பியைக் கொண்ட, 450 வாட்டுக்கு மேற்பட்ட மின்வழங்கி தன் திறனைப் போல் இரு மடங்கு உச்சத்தை 100 மைக்ரோநொடி வரை தாங்க வேண்டும் என்பது அவ்விதி. உயர்நிலை அட்டை வாங்குவோர் இத்தரம் அல்லது இதற்குப் பிந்தைய தரம் குறிக்கப்பட்ட மின்வழங்கியை வாங்குவது நல்லது.

இணைப்பிகள்

வரைகலை அட்டை இரு வழிகளில் மின்சாரம் பெறுகிறது. தாய்ப்பலகையின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகுவாய் 75 வாட் வரை தரும். மீதி, மின்வழங்கியிலிருந்து நேரே வரும் கேபிள்களின் வழியே வர வேண்டும். 6 பின் இணைப்பிக்கு 75 வாட், 8 பின் இணைப்பிக்கு 150 வாட் என்பது தரத்தின் வரம்பு. 170 வாட் அட்டைக்கு ஒரு 8 பின் இணைப்பி போதும். சில தயாரிப்புகளில் கூடுதல் இணைப்பி இருக்கலாம் என்பதால் வாங்கும் அட்டையின் விவரத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கு நான்கு எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, செயலிக்குரிய 8 பின் இணைப்பியும் வரைகலை அட்டைக்குரிய 8 பின் இணைப்பியும் ஒன்றல்ல. முன்னது 4+4 எனவும், பின்னது 6+2 எனவும் பிரியும். இரண்டிலும் மின் முனைகளும் தரை முனைகளும் இடம் மாறி இருக்கும். எளிதில் நுழையாத இணைப்பியை அழுத்தி நுழைக்கக்கூடாது.

இரண்டாவது, உரிய கேபிள் இல்லாதபோது சாட்டா மின் இணைப்பியை 8 பின்னாக மாற்றும் மலிவான கம்பிகளைப் பயன்படுத்தக்கூடாது. சாட்டா இணைப்பியில் 12 வோல்ட்டுக்கு உரியவை மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 150 வாட் கேட்கும் அட்டையை அதில் பொருத்தினால் இணைப்பி உருகித் தீப்பிடிக்கவும் கூடும். மின்வழங்கியில் 8 பின் கேபிளே இல்லையென்றால், அது அத்தகைய அட்டைக்காகச் செய்யப்பட்டதன்று என்பதே பொருள்.

மூன்றாவது, கழற்றக்கூடிய கேபிள்கள் உள்ள மின்வழங்கியை மாற்றும்போது பழைய கேபிள்களை உள்ளேயே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றக்கூடாது. மின்வழங்கிப் பக்க இணைப்பிக்குப் பொதுத் தரம் இல்லை. தோற்றத்தில் ஒன்றாக இருக்கும் கேபிளிலும் பின்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சிலபோது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் வட்டு பழுதாகி, அதிலுள்ள பாடக் குறிப்புகளும் புகைப்படங்களும் மீட்க முடியாமல் போகலாம்.

நான்காவது, 16 பின் இணைப்பியைப் பற்றியது. இது ஒரே கேபிளில் 600 வாட் வரை, அதாவது 50 ஆம்பியர் வரை கடத்துகிறது. 12 வோல்ட்டுக்கு உரிய பின்கள் ஆறு மட்டுமே என்பதால் ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியருக்கு மேல் பாயும். 450 வாட் அளவுள்ள ஆர்.டி.எக்ஸ். 4090 அக்டோபர் 2022-இல் வெளிவந்தபின், சிலருடைய கணினிகளில் இந்த இணைப்பி உருகியது. இணைப்பி முழுமையாக உட்செலுத்தப்படாமை ஒரு முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2023-இல் இணைப்பியின் வடிவம் திருத்தப்பட்டது. எனினும், இடைவெளி தெரியாதவாறு இறுதிவரை அழுத்திப் பொருத்துவதும், இணைப்பியின் அருகிலேயே கேபிளை மடக்காமல் விடுவதும் இன்றும் கட்டாயம்.

80 பிளஸ் குறியீடு

80 பிளஸ் சான்று 2004-இல் தொடங்கியது. வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் என அதன் நிலைகள் உயர்கின்றன. இது பயனுறுதிறனை அளக்கிறது. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது வெண்கல நிலைக்கு 85 விழுக்காடும், தங்க நிலைக்கு 90 விழுக்காடும் தேவை.

நம் எடுத்துக்காட்டின் 347 வாட் சுமைக்கு, 85 விழுக்காட்டில் சுவர் இணைப்பிலிருந்து 408 வாட்டும், 90 விழுக்காட்டில் 386 வாட்டும் இழுக்கப்படும். நாள்தோறும் 4 மணி நேரம் முழுச்சுமையில் இயங்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 33 யூனிட் வேறுபாடு வரும். எனவே மின் கட்டணச் சேமிப்பைக் கருதி மட்டும் விலை கூடிய நிலைக்குப் போக வேண்டியதில்லை. மேலும், 80 பிளஸ் பாதுகாப்புக்கான சான்று அன்று. மிகை மின்னோட்டம், மிகை மின்னழுத்தம், மிகைச் சுமை, மிகை வெப்பம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கான பாதுகாப்புகள் விவரக் குறிப்பில் இருக்கின்றனவா என்று தனியே பார்க்க வேண்டும்.

பெரிய மின்வழங்கி மின்சாரத்தை வீணாக்கும் என்பதும் தவறான எண்ணம். 750 வாட் மின்வழங்கி எப்போதும் 750 வாட் இழுப்பதில்லை. கணினி கேட்கும் அளவையும் மாற்றத்தில் ஏற்படும் இழப்பையுமே இழுக்கிறது. ஆயினும் 350 வாட் தேவைக்கு 1000 வாட் வாங்குவது பணத்தை முடக்குவதாகும்.

போதாமையின் அறிகுறிகள்

இணையத்தில் உலவும்போதும் கட்டுரை எழுதும்போதும் ஒழுங்காக இயங்கும் கணினி, விளையாட்டு அல்லது காணொளித் தொகுப்பு தொடங்கியதும் திடீரென நின்றுபோவது முதல் அறிகுறி. தானே மறுதொடக்கம் ஆவதும், திரை இருண்டு விசிறி மட்டும் சுழல்வதும் மற்றவை. பலர் புதிய அட்டையைக் குறைகூறித் திருப்பி அனுப்புகின்றனர். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் அட்டையின் திறன் வரம்பை 70 விழுக்காடாகக் குறைத்துப் பார்க்கலாம். அதன்பின் சிக்கல் நீங்கினால் மின்வழங்கியின்மேல் ஐயம் கொள்ள இடமுண்டு.

கணினி யு.பி.எஸ். வழியே இயங்கினால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீடுகளில் பரவலாக உள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவே தரும். மேற்கண்ட கணினி முழுச்சுமையில் 386 வாட் இழுக்கிறது. திரையின் தேவை இதில் சேரவில்லை. மின்தடையின்போது இந்த யு.பி.எஸ். உடனே நின்றுவிடும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

வழக்கமான ஏ.டி.எக்ஸ். மின்வழங்கி 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் உடையது; நீளம் மாதிரிக்கு ஏற்ப மாறும். சிறு பெட்டிகளுக்கு எஸ்.எஃப்.எக்ஸ். அளவு உண்டு. அலுவலகங்களுக்கென விற்கப்படும் ஆயத்தக் கணினிகள் சிலவற்றில், தாய்ப்பலகையின் மின் இணைப்பியே வேறு வடிவத்தில் இருக்கும். பயன்படுத்திய அத்தகைய கணினியை வாங்கி அட்டை பொருத்த நினைப்போர் இதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்வழங்கிப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. அதன் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம், இணைப்பைத் துண்டித்த பின்னும் சிறிது நேரம் தங்கியிருக்கும். மின்தேக்கிகள் ஆண்டுகள் செல்லச்செல்ல வலுவிழக்கவும் செய்யும். உத்தரவாதக் காலம் கடந்த மின்வழங்கியின் லேபிள் எண்ணை முழுதாக நம்பி, அதன்மேல் விலையுயர்ந்த அட்டையை ஏற்றுவது முறையன்று.

அட்டைக்கு ஒதுக்கும் பணத்திலேயே மின்வழங்கிக்கும் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். இருக்கும் தொகை இரண்டுக்கும் போதாதபோது, ஒரு படி குறைந்த அட்டையைத் தரமான மின்வழங்கியுடன் வாங்குவதே அறிவுடைமை. அட்டையைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். அதே மின்வழங்கி அடுத்த அட்டைக்கும் பயன்படும்.