மேகக் கணிமைக் காவலும் நூலகப் புதுப்பிப்பும்

அலுவலகக் கோப்புகள் பூட்டிய அலமாரிகளில் இருந்த காலத்தில், சாவி யாரிடம் உள்ளது என்பதை அறிந்தால் போதுமாயிருந்தது. இன்று அத்தகைய கோப்புகள் பல, தொலைவிலுள்ள கணிப்பொறி நிலையங்களில் 'மேகக் கணிமை' எனப்படும் முறையில் சேமிக்கப்படுகின்றன. யார், எங்கிருந்து, எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதை ஆராய்ந்து, அனுமதிக்கவோ தடுக்கவோ செய்யும் பாதுகாப்புச் சேவைகள் இதன் பயனாகத் தோன்றியுள்ளன.

அலுவலக மென்பொருளுக்கும் இச்சேவைக்கும் இடையே தூது செல்வது 'கிளையன்ட் நூலகம்' என்னும் நிரல் தொகுப்பாகும். வேண்டுகோளை உரிய வடிவில் அமைத்தல், அடையாளச் சான்றை இணைத்தல், செய்தியைச் சங்கேதமாக்கி அனுப்புதல், வரும் விடையைப் பிரித்துணர்தல் ஆகியவை இதன் பணிகள்.

புதுப்பித்தல் ஏன்?

சேவையின் விதிகள் மாறும்போது தூதனும் அவற்றைக் கற்றாக வேண்டும். சங்கேதப் போக்குவரத்துக்கான டிஎல்எஸ் விதிமுறையின் 1.0, 1.1 ஆகிய பதிப்புகள் 2021 மார்ச் மாதத்தில் முறைப்படி கைவிடப்பட்டன. அவற்றை மட்டுமே அறிந்த பழைய நூலகம், அவற்றை ஏற்க மறுக்கும் சேவையோடு தொடர்பு கொள்ளவே இயலாது.

தாமதத்தால் விளையும் கேடு இதனினும் பெரிது. 2017 மார்ச் மாதத்தில் அபாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் நூலகத்தின் பழுதுக்குத் திருத்தம் வெளியாயிற்று. அதனை உரிய காலத்தில் பொருத்தத் தவறிய ஈக்விஃபாக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்துள் மே மாதத்தில் அந்நியர் புகுந்தனர். சுமார் 14.7 கோடி மக்களின் சொந்த விவரங்கள் களவு போயின.

அவசரமும் ஆபத்தே

எனினும், புதியன யாவும் நல்லன என்று கொள்வதும் தவறு. எக்ஸ்இசட் என்னும் நூலகத்தின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் இரகசிய வாயில் ஒன்று புகுத்தப்பட்டிருந்தது 2024 மார்ச் மாதத்தில் தெரியவந்தது. தொலை நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த பொறியாளர் ஒருவரே இதனைக் கண்டறிந்தார். புதிய பதிப்பை உடனே ஏற்றவர்களே இங்கு அபாயத்துக்குள்ளாயினர்.

கையாள வேண்டிய முறை

முதற்கண், எந்த மென்பொருளில் எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு உள்ளது என்ற பட்டியல் இன்றியமையாதது. 2004 முதல் இயங்கிவரும் செர்ட்-இன் நிறுவனம் வெளியிடும் எச்சரிக்கைகளை இப்பட்டியலோடு ஒப்பிட்டால், அவசரத் தேவை எதுவென்பது புலப்படும்.

அடுத்து, பதிப்பெண்ணை நோக்க வேண்டும். பெரும்பாலும் 2.4.1 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். கடைசி எண் மாறின் பிழை திருத்தம். நடுவெண் மாறின் புதிய வசதி. முதலெண் மாறின் பழைய கட்டளைகள் செல்லாமற் போகலாம். இவ்வழக்கத்தை எல்லோரும் பின்பற்றுவதில்லையாதலால், மாற்றக் குறிப்புகளையும் படித்தறிதல் நலம்.

பின்னர், கோப்பின் மின் கையொப்பத்தைச் சரிபார்த்து, சோதனைக் கணிப்பொறியில் இயக்கிப் பார்க்க வேண்டும். சரியான சான்றுக்கு வழி திறக்கிறதா என்பதோடு சோதனை முடிந்துவிடாது. காலாவதியான சான்று தடுக்கப்படுகிறதா, சேவையிலிருந்து விடையே வராதபோது கதவு அடைபடுகிறதா என்பனவே முக்கியம். விடை வராதபோது திறந்துவிடும் கதவு, காவலற்ற கதவேயாகும்.

இறுதியாக, புதிய பதிப்பைச் சில கணிப்பொறிகளில் மட்டும் முதலில் பொருத்திப் பின்பு பரப்புதல் வேண்டும்; பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் கைவசம் வைத்திருத்தல் வேண்டும். காலந்தாழ்த்தாமையும் சோதித்தறிதலும் ஒருங்கே அமைந்தாலன்றிக் காவல் நிலைபெறாது.