கூட்டைத் தொடாமல் ஒரு படம்

வீட்டில் ஒருவருக்குக் காமிராப் பைத்தியம் பிடித்தால் அடுப்படியில் இருக்கும் நமக்கும் அது ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது கல்லூரியில் படிக்கும் என் மகளிடமிருந்து வந்தது. பாபநாசத்தில் எங்கள் கொல்லையைத் தாண்டினால் வயல்தான். நடவுக்குத் தண்ணீர் கட்டினதும் மடையான், உண்ணிக்கொக்கு, மீன்கொத்தி எல்லாம் வந்துவிடும். நத்தை பொறுக்க நத்தைகுத்தி நாரையும் இறங்கும். ஆனால் நாம் நாலடி வைத்தால் அவை நாற்பதடி பறந்துவிடுமே! அதற்குத்தான் டெலிபோட்டோ லென்ஸ்.

விஷயம் சுலபம்தான். 50 மில்லிமீட்டர் லென்ஸில் தெரிவதைவிட 400 மில்லிமீட்டர் லென்ஸில் பறவை 8 மடங்கு பெரிதாகத் தெரியும். கூடவே கை நடுக்கமும் 8 மடங்காகத் தெரியும்! ஆகவே ஷட்டர் வேகம் ஒரு விநாடியில் 400-இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். பறக்கும் பறவைக்கு 2000-இல் ஒரு பங்கு வைத்தால் நல்லது. பழைய தலையணை உறையில் ஒரு சின்னப் பை தைத்து, கொண்டைக்கடலை போட்டுக் கட்டிக் கொடுத்தேன். ஜன்னல் கட்டையில் அதை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் அசையாது.

இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தே பெயர் பெற்றவர். பல உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். பறவைப் படங்களுக்குப் புகழ்பெற்ற டி.என்.ஏ. பெருமாள் 1932-இல் நம் தஞ்சாவூரில் பிறந்தவர்; பெங்களூரில் வாழ்ந்து 2017-இல் காலமானார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சென்ற பங்குனியில் எங்கள் கொல்லைச் செம்பருத்தியில் சின்னான் குருவி கூடு கட்டி 3 முட்டை இட்டது. விஷயம் தெரிந்து படம் எடுக்க வந்த இரண்டு இளைஞர்கள், "மறைக்கிற கிளையை மட்டும் வெட்டிக்கிறோம்மா" என்றார்கள். என் மகளும், "போட்டிக்கு நாலு நாள்தாம்மா இருக்கு, ரெண்டே கிளைதானே?" என்றாள்.

என் மாமியார் திண்ணையிலிருந்தே கேட்டார்: "ஏன் தம்பி, பிரசவ அறைக் கதவைப் பிடுங்கிட்டா படம் எடுப்பீங்க?"

வந்தவர்கள் போய்விட்டார்கள். மகள் அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த நாள் அவளாகவே அடுப்படி ஜன்னலில் கடலைப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துணிக் கொடியில் வந்து உட்கார்ந்த தாய்ப்பறவை மட்டுமே கிடைத்தது. பரிசும் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் குஞ்சு பொரித்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் இரண்டு குஞ்சுகள் பறந்து போயின.

இலையை வெட்டினால் வெயில் நேராகக் குஞ்சின்மேல் விழும்; காக்கைக்கும் கூடு தெரிந்துவிடும். பயந்த தாய் கூட்டையே விட்டுப் போய்விடுவதும் உண்டு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதையும் வேட்டை என்றே சொல்கிறது.

லென்ஸை வாங்கினால் மட்டும் போதாது. நம் ஆற்றங்கரை ஈரத்துக்குக் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடமாக இருக்கட்டும்.

குடும்பத்தோடு போக வடுவூர் ஏரி இருக்கிறது. 1999-இல் பறவைகள் சரணாலயமாகி, 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கார்த்திகையிலிருந்து தை வரை விடியற்காலையில் போனால் வெளிச்சமும் நன்றாக இருக்கும், பறவையும் நிறைய இருக்கும்.

எங்கே போனாலும் ஒன்றைக் கவனியுங்கள். தாய்ப்பறவை வாயில் இரையை வைத்துக்கொண்டு, கூட்டுக்குப் போகாமல் தவித்தால், நாம் இடைஞ்சலாக நிற்கிறோம் என்று அர்த்தம். உடனே பின்னால் வந்துவிடுங்கள். அதற்குத்தானே அவ்வளவு நீள லென்ஸ்?