கேட்டதைத் திருப்பிச் சொன்னா காசு! பார்வையற்றோருக்குக் கைகொடுக்குமா ஆன்லைன் வேலை?

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து, பார்வை இல்லாத ஒருவர் தினமும் காஞ்சிபுரத்துக்கு வேலைக்குப் போய்வருவதை நினைச்சுப் பாருங்க. கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் பஸ் பயணம், உயரமான படிக்கட்டு, இறங்கினதும் ரோட்டைக் கடக்க ஒரு துணை. அவருக்கு 'வீட்லயே, போன்லயே வேலை' என்றால் எவ்வளவு நிம்மதி!

அப்படி வேலை இருக்கு. பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கி, ஆன்லைனில் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆடியோவைக் கேட்டு டைப் செய்வது, படத்தில் இருப்பதைக் குறிப்பது... துண்டுக்கு இவ்வளவு எனக் காசு. 2005-ல் அமேசான் தொடங்கிய 'மெக்கானிக்கல் டர்க்' இதில் பிரபலம்.

ஆனா, பார்வையற்றவர்கள் திரையை வாசித்துச் சொல்லும் 'ஸ்க்ரீன் ரீடர்' மூலம்தான் இதையெல்லாம் பயன்படுத்தணும். பட்டன்களுக்குப் பெயர் வைக்காமல் தளத்தை உருவாக்கியிருந்தால், அது 'பட்டன்... பட்டன்...' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். எதை அழுத்தினால் வேலை முடியும், எதை அழுத்தினால் செய்ததெல்லாம் போகும்? கை விரல்கள் சரியாக இயங்காதவர்களுக்கோ, ஓடிக்கொண்டிருக்கும் டைமர்தான் எதிரி.

இதற்கு மாற்றாக, ஆதித்ய வஷிஷ்தா குழுவினர் உருவாக்கியது 'பிஸ்பீக்'. டைப்பிங் வேண்டாம். ஆடியோவில் கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதும், கம்ப்யூட்டர் எழுத்தாக்கிக்கொள்ளும். 2018-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் ஏழ்மையான பார்வையற்றோர் 24 பேர், இரண்டே வாரத்தில் 16,000-க்கும் மேற்பட்ட துண்டு வேலைகளை முடித்தார்கள். துல்லியம் 87 சதவிகிதம். திறமை எப்பவும் இருந்தது, தளம்தான் இடிச்சது.

சரி, சம்பாத்தியம்? மொத்தமே 7,310 ரூபாய். தலைக்கு சுமார் 305. துண்டுக்கு அரை ரூபாய்கூடத் தேறலை! சோதனை முயற்சிதான், ஒப்புக்கொள்வோம். ஆனாலும், பஸ் செலவு மிச்சம் என்பதற்காகக் கூலியைக் குறைத்துவிட முடியாதே.

உங்க வீட்டில் யாராவது இந்த வேலையில் சேர நினைத்தால், முதலில் ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்' வசதியை ஆன் செய்யுங்க. ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். கண்ணை மூடிக்கிட்டு ஒரு வேலையை ஆரம்பம் முதல் கடைசிவரை முடிச்சுப் பாருங்க. நடுவில் திணறினால், அந்தத் தளம் அவருக்கானது இல்லை. கம்ப்யூட்டர் என்றால் 'என்விடிஏ' மென்பொருள் இலவசம்.

'ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 500 ரூபாய் கட்டுங்க' என்று யாராவது கேட்டால், கட்டாதீங்க. ஏற்கெனவே ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்க.