பிறப்புச் சான்றிதழை முதலில் எடுங்கள்

“பதின்மூன்று வயசுப் பொடியன்தானே, கொலைக் கேஸ் என்டாலும் சிறுவர் நீதிமன்றத்தோட முடிஞ்சிடும்” என்று கல்முனைப் பக்கம் பலரும் நம்புகிறார்கள். அப்படி முடியாது காக்கா. தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறுதலாகச் சொல்கிறேன்.

சிறுவர் நீதிமன்றம் 1939 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் வந்தது. பத்தரமுல்லை, யாழ்ப்பாணம் போன்ற சில இடங்களில்தான் அது தனியாக இயங்குகிறது; மற்ற ஊர்களில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக அமரும். வெளியாருக்கு உள்ளே இடமில்லை. பிள்ளையின் பெயர், விலாசம், பாடசாலை எதுவும் பத்திரிகையில் வரக் கூடாது. நாமோ பொலிஸ் ஜீப்பில் ஏற்றும்போதே படம் பிடித்து முகநூலில் போட்டுவிடுகிறோம். பிறகு விடுதலையானாலும் அந்தப் பிள்ளை எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது?

திருட்டு, அடிதடி போன்றவை அங்கே விசாரிக்கப்படும். கொலை, கொலை முயற்சி போன்ற பாரதூரமான குற்றங்களை அந்தச் சட்டமே ஓர் அட்டவணையில் வைத்து ஒதுக்கிவிட்டது. அவை மேல் நீதிமன்றத்துக்குப் போகும், பெரியவர்களின் வழக்கைப் போலவே.

அங்கும் பிள்ளையைக் காப்பது வயதுதான். முன்பு 8 வயது நிரம்பினாலே குற்றம் சாட்டலாம். 2018 இல் அதை 12 ஆக உயர்த்தினார்கள். 12 க்கும் 14 க்கும் இடையில் என்றால், தான் செய்வது இன்னதென்று விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். குற்றம் நடந்தபோது 18 ஆகாதவருக்கு மரண தண்டனை இல்லை.

வயது பிசகினால் என்ன ஆகும் என்பதை மூதூர் ரிஸானா நபீக்கை அறிந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழில் 1988 பெப்ரவரி. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த கடவுச்சீட்டில் 1982. 2005 இல் சவூதியில் அவர் பராமரித்த குழந்தை இறந்தபோது உண்மையான வயது 17. சவூதி நீதிமன்றம் கடவுச்சீட்டைத்தான் நம்பியது. விசாரித்தபோது பக்கத்தில் சட்டத்தரணி இல்லை. கொலைக் குற்றத்துக்காக 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆறு வருடத்தைக் கூட்டி எழுதிய அந்தக் கையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளையைப் பொலிஸ் கூட்டிப்போனால் அரசியல்வாதியைத் தேடி ஓடாதீர்கள். அலுமாரியில் பொலித்தீன் பையில் கிடக்கும் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கிடைக்கும். வாக்குமூலம் எழுதும்போது வாப்பாவோ உம்மாவோ அருகில் இருங்கள். வயது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். மேல் நீதிமன்றம் வரை போகும் வழக்கில் அந்த முதல் நாள் எழுதிய வயதுதான் கடைசிவரை கூட வரும்.